கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் மோட்டார்ஹோமுக்கு எந்த முகாம்? ஓர் ஒப்பீடு

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் மூன்று இரவு தங்க, படுக்கையும் சமையலறையும் உள்ள மோட்டார்ஹோம் வண்டியில் புறப்படும் குடும்பத்துக்கு முன்னால் ஆறேழு வழிகள் இருக்கின்றன. தேசியப் பூங்காவுக்குள்ளேயே மேதர் முகாமும் அதை ஒட்டி டிரெய்லர் வில்லேஜும் உள்ளன. அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 25 மைல் தள்ளி டெசர்ட் வியூ முகாம். பூங்கா வாயிலுக்கு வெளியே டூசயான் என்ற சிற்றூரில் தனியார் முகாம் ஒன்றும், அதற்குச் சற்றுத் தெற்கே கைபாப் தேசிய வனத்துக்குச் சொந்தமான டென்-எக்ஸ் முகாமும், வனச்சாலைகளின் ஓரத்தில் கட்டணமின்றி நிறுத்திக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. இன்னும் தெற்கே, ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஓட்டினால், வில்லியம்ஸ், ஃப்ளாக்ஸ்டாஃப் நகரங்களின் பெரிய ஆர்வி பார்க்குகள், அதாவது மோட்டார்ஹோம் போன்ற வண்டிகளுக்கான தனியார் முகாம்கள், வந்துவிடும். இவற்றில் எது தரமானது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், எந்த வண்டியில், எந்த மாதத்தில், யாரை அழைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் என்னால் விடை சொல்ல முடிந்ததில்லை. 25 அடி நீள வாடகை வண்டியில் வெவ்வேறு ஆண்டுகளில் அங்கே தங்கியபோது, ஒரே முகாம் ஒருமுறை மிகச் சிறந்ததாகவும் மறுமுறை பொருந்தாததாகவும் இருந்ததைக் கண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஆர்வி பார்க்குகளைத் தரப்படுத்துவதில் குட் சாம் அமைப்பின் மூன்று எண் முறை பலரும் அறிந்தது. முதல் எண் வசதிகள் எவ்வளவு நிறைவாக உள்ளன என்பதையும், இரண்டாவது கழிப்பறை, குளியலறைகளின் நிலையையும், மூன்றாவது பார்வைக்கு அந்த இடம் எப்படி இருக்கிறது என்பதையும் பத்துக்கு இவ்வளவு என்று சொல்லும். கழிப்பறை மிகத் தூய்மையாக இருந்தால் இரண்டாவது எண்ணோடு ஒரு நட்சத்திரமும் சேரும். அந்த இரண்டாவது எண்ணை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனென்றால் கழிப்பறையைத் தூய்மையாக வைத்திருக்கும் நிர்வாகம் பெரும்பாலும் மின்கம்பத்தையும் குழாயையும் கவனித்துவைக்கிறது. முதல் எண்ணைக் கொண்டு முடிவெடுப்பதில்தான் எனக்குத் தயக்கம். நீச்சல்குளமும் விளையாட்டு அறையும் அந்த எண்ணை உயர்த்தக்கூடும். ஆனால் பள்ளத்தாக்கின் மேல் சூரியன் உதிப்பதைப் பார்க்க இருட்டிலேயே எழுந்து போகிற குடும்பத்துக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அதே குடும்பத்துக்கு மேதர் முகாமின் பைன் மரநிழலும் விளிம்புக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரமும் எவ்வளவு பெரியவை என்பதை அந்த எண் காட்டாது.

மேதர் முகாமை முதலில் விரிவாகப் பார்க்கலாம். தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநர் ஸ்டீஃபன் மேதரின் பெயரைத் தாங்கிய இந்த முகாமில் முந்நூறுக்கும் மேற்பட்ட தளங்கள், அதாவது ஒரு குடும்பம் வண்டியை நிறுத்தித் தங்கும் இடங்கள், இருந்தும், மரங்களும் வளைந்து செல்லும் சாலைகளும் அந்த எண்ணிக்கையை மறைத்துவிடுகின்றன. அடுத்த தளத்தில் இருப்பவர்கள் சமைக்கும் மணம் வரும்; அவர்கள் பேசுவது காதில் விழாது. எல்க் மான்கள் விடியற்காலையில் தளங்களுக்கிடையே மேய்ந்துகொண்டு போகும். அவற்றிலிருந்து 100 அடி விலகி நிற்க வேண்டும் என்ற பூங்கா விதியைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. நீர்விட்டுக் கழுவும் கழிப்பறைகள் உண்டு. காசு போட்டுக் குளிக்கும் குளியலறையும் சலவை இயந்திரங்களும் முகாமின் முகப்பில் தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. ஆனால் எந்தத் தளத்திலும் மின்சாரமோ தண்ணீர்க் குழாய் இணைப்போ கழிவுநீர் இணைப்போ கிடையாது. வண்டியின் மொத்த நீளம் 30 அடிக்கு மேல் போகக் கூடாது என்பதால் பெரிய வண்டிக்காரர்களுக்கு இந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது.

இணைப்பு இல்லாத முகாமில் வண்டியே வீடாகவும் மின்நிலையமாகவும் தண்ணீர்த்தொட்டியாகவும் இருந்தாக வேண்டும். நாங்கள் எடுத்த வண்டியில் நல்ல தண்ணீர்த் தொட்டி 40 கேலன், அதாவது 150 லிட்டர் அளவு கொள்ளும். நான்கு பேர், பல் தேய்ப்பதும் பாத்திரம் கழுவுவதும் மட்டும் வண்டிக்குள் என்று வைத்துக்கொண்டு, குளியலை முகாமின் குளியலறைக்கு மாற்றிவிட்டால் அது மூன்று நாள் வரும். வண்டிக்குள்ளேயே குளித்தால் ஒன்றரை நாள் கூட வராது. அரிசி களைந்து, பருப்பு வேகவைத்து, எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரங்களைத் துலக்கும் நம் சமையலில், நல்ல தண்ணீர் தீரும் முன்பே கழுவிய நீர் சேரும் கிரே டேங்க் நிறைந்துவிடும் என்பதை முதல் பயணத்தில் நான் எதிர்பார்க்கவில்லை. மேதரில் டம்ப் ஸ்டேஷன் இருப்பதால் கழிவைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். அதற்காகத் தளத்தைக் காலிசெய்து வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பதுதான் சிரமம்.

தண்ணீரைவிடக் கடினமானது குளிர். தென்விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருப்பதால் மே மாதத்திலும் சில இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கிவிடும். வண்டியின் ஹீட்டர் புரொப்பேன் வாயுவில் எரிந்தாலும், வெப்பக் காற்றைத் தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. இரவு முழுவதும் அது நின்று நின்று ஓடினால், பழைய வாடகை பேட்டரியில் விடியும்போது மின்சாரம் மிஞ்சாது. முழுதாக மின்னேற்றிய லெட்-ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.1 வோல்ட்டுக்கு இறங்கினால் பாதி தீர்ந்தது என்று பொருள். ஜெனரேட்டரைக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே ஓட்டலாம். அந்தக் குறுகிய நேரத்தில் அவ்வகை பேட்டரி முழுமையாக மின்னேறாது. உயரம் காரணமாக ஜெனரேட்டரின் திறனும் குறைந்து, சமவெளியில் 4,000 வாட் தருவது அங்கே 3,000 வாட்டை ஒட்டியே தரும். தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு எளிதில் வேகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இத்தனையும் சொன்ன பிறகும், இரவு பத்து மணிக்கு மேல் மேதரில் நிலவும் அமைதிக்கு ஈடாக எதையும் நான் தென்விளிம்பில் கண்டதில்லை. உறங்கி எழுந்த முகமாக விளிம்புக்கு நடந்துபோய், இலவசப் பேருந்தில் ஏறி, வண்டியை மூன்று நாளும் அசைக்காமலே பூங்காவைச் சுற்றிவரலாம் என்பது கூடுதல் நன்மை. 62 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் தேசியப் பூங்காக்களுக்கான முதியோர் பாஸ் வைத்திருந்தால் மேதரின் தளக் கட்டணத்தில் பாதியைச் செலுத்தினால் போதும். பெற்றோரைப் பிள்ளைகளோடு வந்து வாழ அழைத்துக்கொண்ட நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரிவதில்லை. டெசர்ட் வியூ முகாமும் ஏறக்குறைய இதே தன்மையுள்ளது, ஏறத்தாழ ஐம்பது தளங்கள் மட்டுமே கொண்டது, இன்னும் அமைதியானது. ஆனால் மேதர் இருக்கும் கிராண்ட் கேன்யன் வில்லேஜ் பகுதியின் கடைகளும் குளியலறைகளும் தொலைவில் இருப்பதாலும் குளிர்காலத்தில் அது மூடப்படுவதாலும், முதல்முறை செல்பவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

டிரெய்லர் வில்லேஜ் மேதருக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் அதன் இயல்பு முற்றிலும் வேறு. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் தளத்திலேயே கிடைப்பதை அங்கே ஃபுல் ஹூக்கப் என்பார்கள். தென்விளிம்பில் பூங்காவுக்குள் அந்த ஏற்பாடு உள்ள முகாம் இது ஒன்றுதான். கெட்டித் தரையிட்ட, நேராக உள்ளே நுழைந்து நேராக வெளியேறும் இடங்கள் என்பதால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிப் பழகாதவர்களுக்கு நிம்மதி. 50 அடி வரையுள்ள வண்டிகளும் நிற்கலாம். இதற்கான விலை கட்டணத்தோடு முடிவதில்லை. தளங்கள் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கின்றன, நிழல் குறைவு, பக்கத்து வண்டியின் கதவு திறப்பதும் மூடுவதும் கேட்கும். குளிப்பதற்கு வண்டியின் குளியலறையை விரும்பாதவர்கள் மேதரின் அதே பொதுக் கட்டடத்துக்குத்தான் நடக்க வேண்டும்.

என் பெற்றோர் உடன் வந்த ஆண்டு நாங்கள் யோசிக்காமல் டிரெய்லர் வில்லேஜைத் தேர்ந்தோம். அம்மா உறங்கும்போது மூச்சுக்கருவி இரவு முழுவதும் ஓட வேண்டும். அப்பாவுக்குக் குளிர் ஆகாது. அந்தப் பயணத்தில் மரநிழலைப் பற்றி நாங்கள் யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. காலை எட்டு மணிக்கு இருவரும் நன்றாக உறங்கி எழுந்த முகத்தோடு காபிக் கோப்பையைக் கையில் ஏந்தியிருந்ததைப் பார்த்தபோது, முந்தைய ஆண்டு நான் குறை சொன்ன அந்த நெருக்கமான வரிசைகள் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தன.

எனினும் ஃபுல் ஹூக்கப் என்பதை எக்காலத்துக்குமான உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தென்விளிம்புக்கான தண்ணீர், பள்ளத்தாக்கின் வடபக்கச் சுவரில் உள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து, 1960களில் போடப்பட்ட 12.5 மைல் நீளக் குழாயில் வருகிறது. 2010க்குப் பிறகு மட்டும் அந்தக் குழாயில் 85க்கும் மேற்பட்ட பெரிய உடைப்புகள் நேர்ந்துள்ளன. 2024 ஆகஸ்ட் இறுதியில் அடுத்தடுத்த உடைப்புகளால் தண்ணீர் வரத்து நின்றபோது, பூங்காவுக்குள் இருந்த விடுதிகளோடு டிரெய்லர் வில்லேஜிலும் இரவுத் தங்கல் ஒரு வாரம் நிறுத்தப்பட்டது. மேதரும் டெசர்ட் வியூவும் மட்டும், குழாய்களில் தண்ணீர் இல்லாமல், தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவருபவர்களுக்காகத் திறந்திருந்தன. எல்லா இணைப்புகளும் உள்ள தளத்துக்கு முன்பதிவு செய்திருந்தாலும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டே பூங்காவுக்குள் நுழைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பூங்காவுக்கு வெளியே உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டூசயானில் தங்கினால் உணவகங்களும் கடைகளும் பக்கத்தில் இருக்கும்; நெரிசல் மிக்க மாதங்களில் காலையில் தெற்கு வாயிலின் வரிசையில் நிற்கவும் உள்ளே பெரிய வண்டிக்கு இடம் தேடவும் நேரம் போகும். டென்-எக்ஸ் முகாமின் தளங்கள் விசாலமானவை, பாண்டரோசா பைன் மரங்களுக்கிடையே அமைந்தவை; கோடைக்காலத்தில் மேதரில் இடம் கிடைக்காதபோது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வனச்சாலையோரத்தில் இலவசமாக 14 நாள் வரை தங்கலாம் என்பது சொந்த வண்டி வைத்திருக்கும் அனுபவசாலிகளுக்கு உரிய வழி. வாடகை ஒப்பந்தங்கள் பலவும் மண்சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழைக்குப் பிறகு அந்த மண்ணில் ஐந்து டன் வண்டி புதைந்தால் மீட்பதற்கு ஆகும் செலவு எந்த முகாம் கட்டணத்தையும் விஞ்சிவிடும்.

வில்லியம்ஸும் ஃப்ளாக்ஸ்டாஃபும் வழித்தங்கலுக்கு, அதாவது போகிற வழியில் ஓர் இரவு தங்குவதற்கு, ஏற்றவை. வழித்தங்கலுக்கும் பல நாள் தங்கலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியார் முகாம் நிறுவனங்களே உணர்ந்திருக்கின்றன என்பதற்குக் கே.ஓ.ஏ. நல்ல சான்று. 1962இல் மான்டானாவின் பில்லிங்ஸ் நகரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகளுக்காகத் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் இன்று தன் முகாம்களை ஜர்னி, ஹாலிடே, ரிசார்ட் என்று மூன்றாகப் பிரிக்கிறது. நெடுஞ்சாலையோரத்தில் ஓர் இரவு தங்கிப் போவதற்கானது ஜர்னி. அதில் நீச்சல்குளம் சிறியது என்று குறைப்படுவதும், ரிசார்ட்டில் ஒரே இரவு தங்கிவிட்டுக் கட்டணம் அதிகம் என்று குறைப்படுவதும் பொருத்தமற்றவை.

வழித்தங்கல் முகாம்களில் நான் முதலில் பார்ப்பது ரயில் பாதையைத்தான். மேற்கு மாநிலங்களில் ஊர்கள் ரயில் பாதையைப் பிடித்தே வளர்ந்தன; நெடுஞ்சாலையும் அதன் ஓரமாகவே வந்தது; ஆர்வி பார்க்குகள் இரண்டுக்கும் நடுவில் அமைந்தன. ஃப்ளாக்ஸ்டாஃப் நகரின் நடுவே பி.என்.எஸ்.எஃப். நிறுவனத்தின் முதன்மைச் சரக்குப் பாதை செல்கிறது, இரவும் பகலும் ரயில்கள் ஓடுகின்றன. பாதை அருகில் இருப்பதைவிடவும் லெவல் கிராசிங் அருகில் இருப்பதுதான் உறக்கத்தைக் கெடுக்கும், ஏனென்றால் விலக்கு அளிக்கப்பட்ட பகுதிகள் தவிர, ஒவ்வொரு பொதுக் கிராசிங்குக்கும் முன்னதாக 15 முதல் 20 நொடி ரயில் ஊத வேண்டும் என்பது நடுவண் அரசின் விதி. முன்பதிவு செய்வதற்கு முன் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, முகாமைச் சுற்றி ஒரு மைலுக்குள் சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் குறுக்கிடுகின்றனவா என்று தேடிப்பார்ப்பேன். அதே படத்தில் மரங்கள் எத்தனை, தளங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி, உள்சாலையின் திருப்பங்களில் 25 அடி வண்டி திரும்புமா என்பவையும் தெரிந்துவிடும். முகாமின் விளம்பரப் படங்களில் இவை எதுவும் இருப்பதில்லை.

பிறர் எழுதிய மதிப்புரைகளைப் படிக்கும்போது சராசரி நட்சத்திரத்தை விட்டுவிட்டு, நாம் போகும் மாதத்தில், நம்முடையதை ஒத்த நீளமுள்ள வண்டியில் வந்தவர்கள் எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வைஃபை மெதுவாக இருந்தது என்ற குறையைக் கடந்துபோகலாம். தளம் சரிவாக இருந்தது, சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் அடிக்கடி விழுந்தது, கழிவுநீர்க் குழியின் வாய் உயரமாக இருந்தது என்று இரண்டு பேர் வெவ்வேறு மாதங்களில் எழுதியிருந்தால் அது உண்மை என்றே கொள்வேன்.

போய்ச் சேர்ந்த பிறகும் சோதிக்க வேண்டியவை உண்டு. பணம் கட்டும் முன் தளத்தைப் பார்க்கலாமா என்று கேட்டால் நல்ல நிர்வாகம் மறுப்பதில்லை. ஒரு கோடையில், பாலைவனத்து நகரம் ஒன்றில், எல்லா வசதிகளும் உள்ளதாகச் சொல்லப்பட்ட தனியார் பார்க்கில் நாங்கள் தங்கினோம். மாலை நான்கு மணிக்கு எல்லா வண்டிகளிலும் ஏசி ஓடத் தொடங்கியதும் மின்கம்பத்தில் 120 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 105 காட்டியது. 108க்குக் கீழே இறங்கினால் ஏசியின் கம்ப்ரஸருக்குக் கேடு என்பதால் 41 பாகை வெயிலில் அதை அணைத்துவிட்டு, கைக்குழந்தையோடு உள்ளூர் நூலகத்தில் போய் உட்கார்ந்திருந்தோம். அன்று முதல் பிளக்கில் செருகும் சிறிய வோல்ட் மீட்டர் இல்லாமல் நான் புறப்படுவதில்லை. முப்பது ஆம்பியர் இணைப்பு 3,600 வாட்தான் தாங்கும். ஏசி ஓடும்போதே மைக்ரோவேவையும் மிக்சியையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுவதற்கு முகாமைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது ஆம்பியர் இணைப்பு 12,000 வாட் தருவதால் இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டிகளுக்கே அது தேவை.

கழிவுநீர்க் குழியின் வாய் வண்டியின் வெளியேற்றக் குழாயைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். உயரமாக இருந்தால் குழாயைக் கையால் தூக்கித் தூக்கி வடிக்க வேண்டிவரும், அதை ஒருமுறை செய்தவர்கள் மறுமுறை செய்ய மாட்டார்கள். டம்ப் ஸ்டேஷனில் குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயைக் கழுவும் குழாயும் தனித்தனியே, எழுத்தில் பிரித்துக் காட்டப்பட்டு இருக்கின்றனவா என்பது நலவாழ்வு சார்ந்த கேள்வி. கழிப்பறையை மாலையில் பார்ப்பதைவிடக் காலை எட்டு மணிக்குப் பார்ப்பதே அதன் உண்மையான நிலையைக் காட்டும். அதனால் வந்துசேர்ந்த மறுநாள் காலையில்தான், இன்னும் ஓர் இரவு நீட்டிக்கலாமா என்று முடிவுசெய்கிறோம்.

இனி தென்விளிம்பின் முடிவுக்கு வருகிறேன். ஏப்ரல் இறுதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை, 30 அடிக்குள் அடங்கும் வண்டியில், உடல்நலத்துக்கு இரவு மின்சாரம் தேவைப்படாத குடும்பத்துக்கு மேதர்தான் முதல் தேர்வு. ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது, கோடை வாரயிறுதிகள் வேகமாக நிரம்பிவிடுகின்றன. நீளமான வண்டி, முதியவர்கள், மூச்சுக்கருவி, குளிர்காலம் ஆகியவற்றில் எது ஒன்று சேர்ந்தாலும் டிரெய்லர் வில்லேஜ். இரண்டிலும் இடமில்லாவிட்டால் கோடையில் டென்-எக்ஸ். அது மூடியிருக்கும் மாதங்களில் டூசயான். வில்லியம்ஸில் தங்கி நாள்தோறும் ஓட்டிவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மோட்டார்ஹோமில் தினமும் இரண்டு மணி நேரம் போய்த் திரும்புவது பெட்ரோலையும் பிள்ளைகளின் பொறுமையையும் தின்றுவிடும். அங்கே தங்கத்தான் வேண்டுமென்றால் வண்டியை முகாமிலேயே விட்டுவிட்டு, வில்லியம்ஸிலிருந்து காலையில் புறப்படும் கிராண்ட் கேன்யன் ரயிலில் போய்வரலாம்.

அடுத்த மே மாதத்துக்கு நாங்கள் திட்டமிட்டிருப்பது இவ்விரண்டின் கலவை: முதல் இரண்டு இரவு மேதரில், மூன்றாம் இரவு டிரெய்லர் வில்லேஜில். நடுவே வண்டியை நகர்த்தப் பத்து நிமிடம் போதும். கடைசி இரவில் எல்லோரும் வண்டிக்குள்ளேயே தாராளமாகக் குளித்து, பேட்டரியை முழுதாக மின்னேற்றி, காலையில் கிரே டேங்க், கழிப்பறைத் தொட்டி ஆகிய இரண்டு கழிவுத் தொட்டிகளையும் தளத்திலேயே காலிசெய்துவிட்டால், வாடகை நிறுவனத்தில் வண்டியை ஒப்படைக்கும் முன் வழியில் டம்ப் ஸ்டேஷன் தேடி அலைய வேண்டியிருக்காது.